கடல்கடந்த வாணிகமும் நாடுகளின் சட்டமும்



சில காலத்துக்கு முன், என்னிடம் கல்வி பயின்ற பழைய மாணவர் ஒருவர் கடிதக் கட்டொன்றுடன் என் இல்லத்துக்கு வந்தார். அவர் பனையோலைப் பெட்டிகள் முடைவித்து வெளிநாடுகளுக்கு அனுப்பி வருபவர். ஐரோப்பிய நாடொன்றிலுள்ள வணிகர் ஒருவர், "இயற்கை நிறம்" உடைய பெட்டிகள் வேண்டுமென்று எழுதியிருந்தார். நம்மவரோ மரஞ்செடிகளிலிருந்து எடுத்த சாயங்களைத் தோய்த்து, சிவப்பும் மஞ்சளுமாக அழகிய பெட்டிகளை முடைவித்து அனுப்பினார். பெட்டிகள் போய்ச் சேர்ந்து மூன்று திங்கள் கழிந்த பின்னர் மறுமொழி வந்தது. "நான் கேட்டது சாயமே இடாத ஓலையின் நிறம். இவை எனக்கு வேண்டா. பணமும் தரமாட்டேன்" என்பதே அதன் சாரம்.

"ஐயா, இதற்கு என்ன செய்யலாம்?" என்று அவர் கேட்டார். நான் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். அதன் கடைசிப் பந்தியிலே, சிறிய எழுத்திலே, இரண்டு வரிகள் காணப்பட்டன. இவ்வொப்பந்தத்தை ஆளுவது வாங்குபவரின் நாட்டுச் சட்டம் என்பது முதலாவது வரி. எழும் பிணக்கு எதுவாயினும் வாங்குபவரின் நகரத்து நீதிமன்றிலேயே தீர்க்கப்படும் என்பது இரண்டாவது வரி. அந்நாட்டுச் சட்டத்தரணி ஒருவரை அமர்த்துவதற்கு ஆகும் செலவோ பெட்டிகளின் விலையிலும் பன்மடங்கு. மாணவர் கடிதக் கட்டை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். வழக்கிலே வென்றவன் தோற்றவனுக்கு ஒப்பு, தோற்றவன் இறந்தவனுக்கு ஒப்பு என்று நம் ஊர்களிலே சொல்வார்கள். அவர் வழக்கின் வாயிலுக்கே போகாமல் தோற்றுவிட்டார்.

நான் சட்டம் பயின்றவன் அல்லேன். சொற்களின் பொருளை மாணவர்க்கு விளக்கிக் காலங்கழிப்பவன். ஆயினும் அந்த இரண்டு வரிகள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவற்றின் பொருளைத் தேடிப் படித்தபோது நான் அறிந்துகொண்டவற்றுட் சிலவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நம் மாணவருக்கு நேர்ந்த பிணக்கைப் போன்றதொன்று, 1960ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து நீதிமன்றில் விசாரிக்கப்பட்டது. இன்றும் அமெரிக்காவிலே சட்டம் பயிலும் மாணவர்கள் அதனைப் படிக்கின்றார்கள். அவ்வழக்கின் கேள்வி மிக எளியது: "கோழி என்றால் என்ன?"

சுவிற்சர்லாந்து நாட்டுக் கம்பனி ஒன்று, 1957ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயோர்க்கிலுள்ள கம்பனி ஒன்றிடமிருந்து உறைய வைத்த கோழிகளை வாங்க ஒப்பந்தஞ் செய்தது. ஒரு பகுதி ஒன்றரை முதல் இரண்டு இறாத்தல் நிறையுடையவை. மற்றப் பகுதி இரண்டரை முதல் மூன்று இறாத்தல் நிறையுடையவை. கப்பல் போய்ச் சேர்ந்தபோது, பெரிய கோழிகள் யாவும் முட்டையிட்டு ஓய்ந்த முற்றிய கோழிகளாக இருக்கக் கண்டார்கள். வாட்டுவதற்கும் பொரிப்பதற்கும் ஏற்ற இளங்கோழிகளையே தாம் கேட்டதாகச் சுவிஸ் கம்பனி முறையிட்டது. இரு தரப்பாருக்குமிடையே சென்ற தந்திகள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில் இருந்தன. ஆயினும் 'சிக்கன்' என்ற ஆங்கிலச் சொல்லையே அவற்றில் எழுதியிருந்தார்கள். ஜேர்மன் மொழியில் 'ஹூன்' என்றால் இளங்கோழி, முற்றிய கோழி இரண்டையும் குறிக்கும். அதனாலேயே தாம் ஆங்கிலச் சொல்லை நாடியதாகவும், அஃது இளங்கோழியை மட்டுமே குறிக்குமென்று தாம் கொண்டதாகவும் வழக்காளி சொன்னார்.

நீதிபதி ஹென்றி பிரெண்ட்லி என்பவர் இவ்வழக்கை விசாரித்தார். அவர் அகராதியைப் பார்த்தார். கோழி வியாபாரிகளின் வழக்காற்றைக் கேட்டறிந்தார். அமெரிக்க அரசாங்கத்தின் விதிகளில் அச்சொல்லுக்குக் கூறப்பட்ட பொருளையும் ஆராய்ந்தார். சந்தை விலையையும் நோக்கினார். ஒப்பந்த விலை இறாத்தலுக்கு 33 சதம். இளங்கோழியின் அன்றைய சந்தை விலையோ 35 முதல் 37 சதம் வரை. நட்டத்துக்கு விற்க எந்த வணிகனும் முன்வரான் அன்றோ? முடிவில், அச்சொல்லைக் குறுகிய பொருளிலேயே வழங்கினார்கள் என்பதை வழக்காளி நிறுவவில்லை என்று கூறி, வழக்கைத் தள்ளிவிட்டார். இரு தரப்பாரும் நேர்மையாகவே நடந்திருக்கலாம். ஒரு சொல் கடலைத் தாண்டியபோது அதன் பொருள் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

சொல்லுக்கே இக்கதி என்றால், அச்சொற்களைத் தாங்கி நிற்கும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும்போது என்னவாகும்?

உலக நாடுகளின் சட்டங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்ப்பது அறிஞர் வழக்கம். அவற்றுள் வாணிகத்திலே பெரிதும் ஆட்சி செலுத்துவன இரண்டு. உரோமர் சட்டத்தின் வழிவந்து, விதிகளை நூலாகத் தொகுத்து வைத்த குடும்பம் ஒன்று. 1804ஆம் ஆண்டில் நெப்போலியன் காலத்தில் வெளிவந்த பிரெஞ்சுக் குடியியற் கோவையும், 1900ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியற் கோவையும் இதன் தலைப்பிள்ளைகள். மற்றக் குடும்பம் இங்கிலாந்திலே தோன்றியது. அங்கே நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு அளித்த தீர்ப்புக்களே காலப்போக்கிற் சட்டமாகத் திரண்டன. ஆங்கிலேயர் கொடி பறந்த நாடுகள் பலவற்றுக்கு இச்சட்டம் பரவியது.

இக்குடும்பங்களுக்குள்ளே உள்ள வேறுபாடு நூல்களோடு நின்றுவிடுவதில்லை. கொடுத்த வாக்கு ஒருவனை எந்த நேரத்திலே கட்டுகின்றது என்ற கேள்வியிலேயே அது தொடங்கிவிடுகின்றது.

1817ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆந் தேதி, இங்கிலாந்திலே கம்பளி வியாபாரிகள் சிலர் ஓர் உற்பத்தியாளருக்குக் கடிதம் எழுதினார்கள். "இன்ன விலைக்குக் கம்பளி தருவோம், மறு தபாலிலே பதில் வேண்டும்" என்பது செய்தி. எழுதியவர்கள் முகவரியைப் பிழையாக இட்டார்கள். கடிதம் அலைந்து திரிந்து 5ஆந் தேதி மாலையில் உரியவரைச் சேர்ந்தது. அன்றிரவே அவர், "சம்மதம்" என்று பதில் எழுதித் தபாலில் இட்டார். பதில் வரக் காணாத வியாபாரிகள் 8ஆந் தேதி கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். 9ஆந் தேதி சம்மதக் கடிதம் வந்து சேர்ந்தது. ஒப்பந்தம் உண்டா, இல்லையா?

1818ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்று "உண்டு" என்று தீர்த்தது. சம்மதக் கடிதம் தபாலில் இடப்பட்ட அக்கணமே ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்பது தீர்ப்பு. 1879ஆம் ஆண்டில் அதே நாட்டில் வேறொரு வழக்கு வந்தது. அதிலே சம்மதக் கடிதம் போய்ச் சேரவேயில்லை, வழியிலே தொலைந்துவிட்டது. அப்பொழுதும் ஒப்பந்தம் நிலைக்கும் என்றே நீதிமன்று கூறியது. ஜேர்மன் கோவையின் விதியோ வேறு. தொலைவிலுள்ளவருக்கு அனுப்பிய சொல் அவரைச் சென்றடையும்போதே பலன் பெறும். தொலைந்த கடிதம் அங்கே எவரையும் கட்டுவதில்லை. கடிதம் எழுதியவன் ஓர் ஊரிலும் அதனைப் பெறுபவன் மற்றோர் ஊரிலும் இருக்க, கடிதம் தொலைந்த துன்பத்தை யார் தலையிலே சுமத்துவது என்ற கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விடைகளைக் கண்டிருக்கின்றன. இரண்டிலும் நியாயம் இருக்கின்றது.

இன்னுமொன்று பாருங்கள். 1874ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் தம் வீட்டை 800 பவுணுக்குத் தருவதாகவும், வெள்ளிக்கிழமை காலை 9 மணி வரை இவ்வாக்கு நிலைக்கும் என்றும் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமையே வேறொருவருக்கு விற்றுவிட்டார். வழக்கு நடந்து, 1876இல் தீர்ப்பு வந்தது. வெள்ளிவரை பொறுத்திருப்பேன் என்று சொன்ன அவ்வாக்குக்கு மற்றவர் கைம்மாறாக எதனையும் கொடுக்கவில்லை. ஆகவே அது சட்டப்படி அவரைக் கட்டாது என்றார்கள் ஆங்கில நீதிபதிகள். கைம்மாறு இல்லாத வாக்கு சட்டத்தின் கண்ணிலே வெறும் வாக்கு என்பது ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஜேர்மன் சட்டத்திலோ, விலை கூறி முன்வந்தவன், தன்னைக் கட்டாது என்று முன்னரே சொல்லி வைத்தாலன்றி, குறித்த காலம் வரை தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவனே.

இந்த வேறுபாட்டைக் காண நாம் கடல் கடந்து போகவும் வேண்டுவதில்லை. நமது தீவே அதற்கு நல்லதொரு பாடசாலை. ஒல்லாந்தர் இங்கே விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தை ஆங்கிலேயர் நீக்கிவிடவில்லை; 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் அது தொடர்ந்து வழங்க இடமளித்தனர். அச்சட்டத்திலே வாக்குக்குக் கைம்மாறு வேண்டுவதில்லை. தக்க காரணம் இருந்தாற் போதும். இலங்கையிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற வழக்கொன்றிலே, 1918ஆம் ஆண்டில் இது தெளிவாக உரைக்கப்பட்டது. உரோமன் டச்சுச் சட்டம் வேண்டும் காரணம் ஆங்கிலச் சட்டம் கேட்கும் கைம்மாற்றிலும் மிக விரிந்தது. அறத்தின்பாற்பட்ட கடப்பாடும் அதற்குட் போதியதாகும் என்பது அத்தீர்ப்பின் பொருள்.

ஆனால் அதே தீவிலே வாணிகத் துறைகள் பலவற்றில் ஆங்கிலச் சட்டம் வந்து அமர்ந்தது. 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச்சட்டம் இதற்கு வழிகோலியது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டத்தைத் தழுவியது. இவற்றோடு கண்டிச் சட்டமும், முஸ்லிம் சட்டமும், 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் தத்தம் எல்லையுள் நின்று வழங்கின. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது. கொழும்பிலிருந்து காணியை ஈடாகக் கொண்டு கடன் கொடுக்க வந்தவன் இதனை அறியாதிருந்தால், அவன் கையிலிருந்த உறுதியின் நிலை என்னவாகும்? ஒரே தீவுக்குள்ளேயே எந்தச் சட்டம் என்று கேட்டறிந்து நடந்த மக்கள் நாம். கடல் கடந்து போகும்போது அக்கேள்வியைக் கேட்க மறந்துவிடலாமா?

வாக்கு கட்டும் நேரத்தைப் போலவே, பொருள் கைமாறும் நேரமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். நூறு மூடை மிளகை ஒருவர் விலைபேசி, இன்ன மூடைகள் என்று குறித்து, பணத்தையுங் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூடைகள் இன்னும் விற்றவரின் பண்டகசாலையிலேயே இருக்கின்றன. அதற்குள் விற்றவர் வங்குறோத்து ஆகிவிடுகின்றார். அம்மிளகு யாருடையது? பொருளும் விலையும் பேசி இசைந்ததுமே விற்பனை முற்றுப்பெற்று, உரிமை வாங்கியவரைச் சேரும் என்பது பிரெஞ்சுக் கோவை கூறும் பொதுவிதி. இரு தரப்பாரும் எப்பொழுது மாற எண்ணினார்களோ அப்பொழுது மாறும் என்பது ஆங்கிலச் சட்டமும் அதனைப் பின்பற்றிய நமது 1896ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும் கொண்ட நெறி. ஜேர்மன் கோவைப்படியோ, உரிமை மாறவேண்டும் என்ற இசைவோடு பொருளும் கையளிக்கப்படல் வேண்டும். அதுவரை அது விற்றவரின் சொத்தே. பணங்கொடுத்தவர் ஏனைய கடன்காரரோடு வரிசையிலே நிற்கவேண்டியதுதான். மிளகும் பணமும் ஒன்றே. நாடு மாறியதால் ஒருவர் சொத்துக்காரராகின்றார், மற்றொருவர் கடன்காரர் வரிசையில் நிற்கின்றார்.

ஜேர்மன் வணிகச் சட்டத்திலே நமக்கு உதவக்கூடிய விதியொன்றும் உண்டு. வணிகர் ஒருவர் மற்றொரு வணிகரிடம் பொருள் வாங்கினால், அது வந்து சேர்ந்ததும் தாமதமின்றிச் சோதித்துப் பார்க்கவேண்டும். குறை கண்டால் உடனே அறிவிக்கவேண்டும். தவறினால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். எளிதிற் காணக்கூடிய குறையைப் பல திங்கள் கழித்து எடுத்துரைக்க இடமில்லை. பெட்டி முடைவித்த நம் மாணவரின் வழக்கிலே, வாங்கியவரின் நாட்டிலும் இத்தகைய விதி உண்டு என்பது எங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. பெட்டியின் நிறம் அதனைத் திறந்த அன்றே கண்ணுக்குத் தெரிவது. மூன்று திங்கள் கழித்துக் குறை சொன்னவரை நோக்கி, "உமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது?" என்று ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். பிறநாட்டுச் சட்டம் என்று கேட்டவுடனேயே அஞ்சி, அதற்குள் நமக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கக்கூடும் என்று பாராமல் விட்டுவிட்டோம். அச்சட்டம் நமக்குப் பகையாக இருக்கவில்லை. அறியாமையே நம்மை வீழ்த்தியது.

நேயர்களே, இதுவரை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள சட்டத்தைப் பார்த்தோம். இவ்விருவருக்கும் மேலே அரசாங்கங்கள் விதிக்கும் ஒழுங்குகள் வேறு இருக்கின்றன. இவற்றை எந்த ஒப்பந்தத்தாலும் தவிர்க்க முடியாது.

யப்பான் தேசத்தை எடுத்துக்கொள்வோம். உணவுப் பொருளிலே எஞ்சியிருக்கும் பூச்சிமருந்து, களைமருந்து ஆகியவற்றுக்கு அந்நாடு 2006ஆம் ஆண்டில் புதிய ஒழுங்கொன்றைக் கொண்டுவந்தது. தனியாக அளவு குறிக்கப்படாத மருந்துகள் யாவற்றுக்கும் 0.01 பி.பி.எம்., அதாவது நூறு இலட்சம் பங்கிலே பத்தில் ஒரு பங்கு, எல்லையாயிற்று. இலங்கையிலே 2015ஆம் ஆண்டில் கிளைபோசேற் என்னும் களைமருந்து தடைசெய்யப்பட்டது. களையை அடக்க வேறு வழி தேடிய தேயிலைத் தோட்டங்களிற் சில, எம்.சி.பி.ஏ. என்ற மருந்தை நாடின. அம்மருந்தின் எச்சம் யப்பானிய எல்லையைத் தாண்டியமையால், இலங்கைத் தேயிலை அங்கே தடங்கலுக்குள்ளானது. 2018ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேற் தடை நீக்கப்பட்டது. கொழும்பிலே இயற்றிய விதியொன்று மலைநாட்டுத் தோட்டத்திலே ஒரு மருந்தை மாற்ற, அம்மாற்றம் தோக்கியோவிலே மற்றொரு விதியோடு மோதியது. இடையிலே நின்றவர்கள் தேயிலைக் கொழுந்து கிள்ளுபவரும் சிறு தோட்ட உடைமையாளருமே.

கறுவாவின் கதையும் இத்தகையதே. நமது தீவின் கறுவா ஓர் இனம். சீனம் முதலிய நாடுகளிலிருந்து வரும் தடித்த பட்டை வேறோர் இனம். ஐக்கிய அமெரிக்காவிலே இவ்விரண்டையும் ஒரே பெயரால் விற்கலாம். ஐரோப்பிய ஒன்றியமோ 2022ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் "சிலோன் கறுவா" என்னும் பெயரைப் புவியியற் குறியீடாகப் பதிந்து பாதுகாப்பு அளித்தது. இலங்கைப் பொருளொன்று அங்கே பெற்ற முதற் பதிவு இதுவாகும். ஒரே பட்டைக்கு ஒரு கரையிலே பொதுப்பெயர். மறுகரையிலே அதன் பிறந்த நாட்டோடு கூடிய காவல்பெற்ற பெயர். கறுவா உரிப்பவரின் உழைப்புக்கு எவ்வளவு விலை என்பதை இந்தப் பெயரும் ஓரளவு முடிவு செய்கின்றது.

இவ்வாறு நாடுகள் வேறுபட்டு நிற்க, வணிகர்கள் எவ்வாறு இத்தனை காலம் வாணிகஞ் செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பாலம் அமைத்தே செய்தார்கள். அப்பாலங்களுள் சிலவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, சொற்களுக்குப் பொதுப்பொருள் காணல். கொழும்பிலே எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை. அமெரிக்க வழக்கிலோ அதே எழுத்துக்களை உள்நாட்டுத் தொழிற்சாலை வாயிலுக்கும் புகையிரத நிலையத்துக்கும் வழங்கி வந்தார்கள். பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936ஆம் ஆண்டில் இத்தகைய குறியீடுகளுக்கு விளக்கம் வகுத்து வெளியிட்டது. இன்கோடேம்ஸ் எனப்படும் அவ்விதிகள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. 2020ஆம் ஆண்டிலும் ஒரு பதிப்பு நடைமுறைக்கு வந்தது. எந்த ஆண்டின் பதிப்பு என்று ஒப்பந்தத்திலே குறித்தால் ஐயத்துக்கு இடம் குறையும்.

இரண்டாவது, பொதுச் சட்டம் ஒன்றை நாடுகள் கூடி இயற்றல். 1980ஆம் ஆண்டு வியன்னாவிலே, நாடுகளுக்கிடையிலான பொருள் விற்பனை பற்றி ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டு, 1988ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. 90க்கு மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. நாம் முன்னே கண்ட கம்பளிக் கதைக்கு அது நயமான சமாதானம் ஒன்றைக் கண்டது. சம்மதம் சென்றடையும்போதே ஒப்பந்தம் பிறக்கும் என்று ஜேர்மன் நெறியை ஏற்றது. ஆனால் சம்மதக் கடிதத்தை மற்றவர் அனுப்பிவிட்ட பின்னர், முன்வந்தவர் தம் சொல்லை மீளப்பெற முடியாது என்று கூறி, ஆங்கில நெறியின் நியாயத்தையும் காத்தது. அமெரிக்கா, சீனா, ஜேர்மனி, பிரான்சு, யப்பான் ஆகியன அதிலே சேர்ந்துள்ளன. பிரித்தானியாவும் இந்தியாவும் இலங்கையும் சேரவில்லை. ஆயினும் நம்மவர் ஒருவர் "ஜேர்மன் சட்டமே ஆளும்" என்று மட்டும் எழுதி ஒப்பமிட்டால், ஜேர்மன் சட்டத்தின் பகுதியாக இவ்வுடன்படிக்கையும் உள்ளே வந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, எந்தச் சட்டம் என்பதைத் தாமே தெரிந்தெடுத்தல். நியூபவுண்ட்லாந்திலிருந்து நியூயோர்க்குக்கு மீன் ஏற்றிச் சென்ற கப்பலொன்று இடையிலே தரை தட்டியது. கப்பற் பத்திரத்தில் ஆங்கிலச் சட்டமே ஆளும் என்று எழுதியிருந்தது. அப்பயணத்துக்கும் இங்கிலாந்துக்கும் தொடர்பு யாதுமில்லை. ஆயினும், நேர்மையோடும் சட்டத்துக்கு மாறுபடாமலும் தெரிந்தெடுத்ததாயின் அத்தெரிவு செல்லும் என்று பிரிவி கவுன்சில் 1939ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பந்தியிலே உள்ள சிறிய வரிக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை இதனால் அறியலாம்.

நான்காவது, நடுவர் தீர்ப்பு. ஒரு நாட்டு நீதிமன்றின் தீர்ப்பை மற்றொரு நாட்டிலே நிறைவேற்றுவது எளிதன்று. ஆனால் இரு தரப்பாரும் ஏற்ற நடுவர் அளித்த தீர்ப்பை நிறைவேற்ற, 1958ஆம் ஆண்டின் நியூயோர்க் உடன்படிக்கை வழிவகுத்துள்ளது. இலங்கை அவ்வாண்டிலேயே ஒப்பமிட்டு, 1962ஆம் ஆண்டில் அதனை உறுதிப்படுத்தியது. 1995ஆம் ஆண்டில் அதற்கிசையச் சட்டமும் இயற்றியது. இன்று 170க்கு மேற்பட்ட நாடுகள் அவ்வுடன்படிக்கையைச் சேர்ந்தவை.

இப்பாலங்கள் யாவும் பெரிய கம்பனிகளுக்கு நன்கு தெரிந்தவை. அவற்றுக்குச் சட்டத்தரணிகள் இருக்கின்றார்கள். பெட்டி முடைபவருக்கும், கறுவாத் தைலம் வடிப்பவருக்கும், வீட்டிலிருந்தபடியே துணிகளில் பூவேலை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பெண்ணுக்கும் யார் இருக்கின்றார்கள்? முன்னொரு காலத்திலே கடல்கடந்த வாணிகம் கொழும்புப் பெருவணிகரின் தொழிலாயிருந்தது. இன்று கைத்தொலைபேசி உள்ள எவரும் அதிலே இறங்கலாம். விரல் ஒன்றை அழுத்தி "ஏற்கின்றேன்" என்று கூறும் அக்கணத்திலே, பார்த்தறியாத ஒரு நாட்டின் சட்டத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கின்றோம் என்பதை அவர்கள் அறிவதில்லை.

ஆகவே, நான்கு செயல்களை அவர்கள் வழக்கமாகக் கொள்ளுதல் நன்று. ஒப்பந்தத்தின் கடைசிப் பந்தியை முதலில் வாசிக்கவேண்டும். எந்த நாட்டுச் சட்டம், எங்கே தீர்ப்பு என்ற இரண்டையும் தேடவேண்டும். அவை தமக்குப் பாதகமாக இருந்தால், மாற்றித் தருமாறு கேட்கவேண்டும், கேட்பது குற்றமாகாது. ஐயத்துக்கு இடமான சொல்லை விளக்கி எழுதவேண்டும்; இயலுமானால் மாதிரியையும் முன்னரே அனுப்பிச் சம்மதம் பெறவேண்டும். தொகை சிறிதாயிருப்பின், பொருள் அனுப்புமுன் ஒரு பகுதிப் பணத்தையேனும் பெற்றுக்கொள்ளவேண்டும். ஆயிரம் சட்டநூல்கள் தரும் பாதுகாப்பிலும், கையிலே பெற்ற பாதிப்பணம் சிறியவனுக்குப் பெரிய பாதுகாப்பு. நமது பாடசாலைகளிலே வர்த்தகம் பயிலும் மாணவர்க்கு கணக்குப் பதிவோடு இவற்றையும் ஓரளவு கற்பித்தால், பல குடும்பங்களின் உழைப்பு காக்கப்படும்.

நாடுகளின் சட்டங்கள் வேறுபடுவது குறித்து வருந்துவதிற் பயனில்லை. ஒவ்வொரு சமுதாயமும் தனது நீண்ட அனுபவத்திலே எது நியாயம் என்று கண்டதோ, அதுவே அதன் சட்டம். அயல்வீட்டின் வழக்கத்தை அறிந்து, வாயிலிலே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது போல, அயல்நாட்டின் சட்டத்தையும் அறிந்து நுழைவோமாயின், நமக்கு அங்கே மதிப்பும் உண்டு; பாதுகாப்பும் உண்டு.

என் மாணவர் இப்பொழுதும் பெட்டிகள் அனுப்பி வருகின்றார். அண்மையில் சந்தித்தபோது புதிய ஒப்பந்தம் ஒன்றைக் காட்டினார். "சாயம் இடாத, ஓலையின் தன்னிறம்" என்று அதில் எழுதியிருந்தது; ஒரு துண்டு ஓலையும் அதனோடு இணைத்து அனுப்பப்பட்டிருந்தது. குறை இருப்பின் பொருள் சேர்ந்த பதினான்கு நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும் என்றும் இருந்தது. "கடைசிப் பந்தி?" என்று கேட்டேன். "அதைத்தான் ஐயா முதலில் வாசித்தேன்" என்றார்.